எக்ஸிமா அரிப்பை வீட்டில் அடக்குவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முழங்கை மடிப்பிலோ முழங்கால் பின்மடிப்பிலோ அரிப்பு தொடங்கும். சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்துப்போகும். வீட்டில் பெரியவர்கள் பார்த்துவிட்டு "கரப்பான்" என்பார்கள், மருத்துவர் எக்ஸிமா என்று எழுதிக்கொடுப்பார். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் வந்து சேரும். வேப்பிலையை அரைத்துப் போடு, எருக்கம்பால் தடவு, கத்தரிக்காயை நிறுத்து, அக்கி எழுதிவிடு. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அத்தனையையும் ஒரே வாரத்தில் செய்து பார்த்தால் தோல் தாங்காது. இந்தத் தொல்லைக்குள் புதிதாக வந்து மாட்டியவர்கள் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸிமாவை வேரோடு பிடுங்கும் இலை எதுவும் கிடையாது. அது அடங்கும், கிளம்பும், மறுபடி அடங்கும். குழந்தைகளில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடுகிறது. பெரியவர்களும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான நாள்களை அரிப்பில்லாமல் ஓட்டலாம். இன்னொன்று, இது ஒட்டுவாரொட்டி இல்லை. பிள்ளையைத் தனித் தட்டில் சாப்பிட வைப்பதும் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைப்பதும் தேவையே இல்லாத கொடுமை.

1. இது எக்ஸிமாதானா?

அரிக்கிறதெல்லாம் எக்ஸிமா ஆகாது. ராத்திரியில் அரிப்பு கூடுகிறது, விரல் இடுக்குகளில் சின்னச் சின்னப் பொரிகள், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அரிக்கிறது என்றால் அது சொறிசிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசியாக வேண்டும். தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் தடித்து நடுப்பகுதி தெளிந்திருந்தால் படர்தாமரை, அதாவது பூஞ்சை. முட்டியிலும் முழங்கையின் வெளிப்பக்கத்திலும் வெள்ளிச் செதிள் உதிர்ந்தால் சொரியாசிஸ் ஆக இருக்கலாம்.

எக்ஸிமா கைக்குழந்தைகளுக்குக் கன்னத்தில் வரும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கை கால் மடிப்புகளில் வரும், பெரியவர்களுக்குக் கையில் நிறைய வரும். புத்தகங்களில் போட்டிருக்கும் சிவந்த தோல் படத்தைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அந்த இடம் கறுத்தோ சாம்பல் பூத்த மாதிரியோ சொரசொரப்பாக இருக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருந்தால் எக்ஸிமாவாக இருக்க வாய்ப்பு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு மேற்கொண்டு படியுங்கள். பெயர் தப்பானால் பின்னால் செய்யும் எல்லாமே தப்பும்.

2. தோலில் என்ன நடக்கிறது

நல்ல தோல் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கும் அழுக்கையும் கிருமியையும் உள்ளே விடாது. எக்ஸிமாக்காரர்களுக்குப் பிறவியிலேயே இந்தத் தடுப்பு கொஞ்சம் பலவீனம். பலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். நண்டு வளை விழுந்த வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் வரப்பு இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாக வயலில் தண்ணீர் வடிந்திருக்கும். ஈரம் போன தோல் அரிக்கும், சொறிந்தால் இன்னும் உடையும், உடைந்த இடத்தில் சோப்பும் தூசியும் வியர்வையும் புகுந்து வீங்கி மறுபடி அரிக்கும்.

ஆகவே முதல் வேலை வளையை அடைப்பது. இலை, தழை, பத்தியம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3. குளியல்

தினமும் குளிக்கலாம். ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடாக இருக்கக் கூடாது. அரிக்கும் இடத்தில் சுடச்சுட வெந்நீர் ஊற்றினால் அந்த நேரம் அத்தனை சுகமாக இருக்கும். அரை மணி நேரத்தில் அரிப்பு வட்டியோடு திரும்பி வரும், ஏனென்றால் சூடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது. மார்கழியில் வெந்நீர் போடாத வீடு இல்லை. போடுங்கள், ஆனால் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவி, கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சாதாரண சோப்புக்கு காரத்தன்மை அதிகம். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் உடம்பெல்லாம் சோப்பு தேய்க்காமல் அக்குள், இடுக்கு, பாதம் மட்டும் போட்டால் போதும். வாசனை இல்லாத, 'சோப்ஃப்ரீ' என்று மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டிகள் பரவாயில்லை. பீர்க்கங்கூடும் தேய்ப்புக் கல்லும் குளியலறையை விட்டு வெளியேறட்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக வரும் ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து தோலில் பிசுபிசுவென்று படியும். நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு தேய்ப்பு தேய்ப்போம். சோப்பைக் குறைத்தாலே இந்தத் தொல்லை பாதி குறையும். குழாயில் வரும் நல்ல தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒரு வாளி எடுத்துவைக்க முடிந்தால் கடைசியாக அதில் அலசிவிடலாம்.

வடிகஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிக்கும் நீரில் அரிசி மாவுச்சத்தைக் கலந்து பார்த்த ஒரு சிறிய ஆய்வில் தோலின் தடுப்பு கொஞ்சம் தேறியதாகத் தெரிந்தது. அன்றைக்கு வடித்த, உப்புப் போடாத கஞ்சியை ஆறவிட்டு வடிகட்டி ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். தோல் உடைந்து நீர் வடியும்போது வேண்டாம். புளித்த கஞ்சியும் வேண்டாம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதவர்கள் விட வேண்டியதில்லை. நல்லெண்ணெயைவிட அதை எடுக்கத் தேய்க்கும் சீயக்காயும் அரப்பும்தான் எக்ஸிமாத் தோலை வறட்டி எடுப்பவை. தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலசும் தண்ணீர் உடம்பில் வழியாதபடி குனிந்து அலசுங்கள்.

4. துடைத்த கையோடு பூசுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். குளித்ததும் பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ களிம்போ பூசிவிட வேண்டும். உடை மாற்றி, சாமி கும்பிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பூசினால் பாதிப் பலன் ஆவியாகியிருக்கும். டப்பாவைக் குளியலறையிலேயே வைத்துக்கொள்வது சுலபமான வழி.

எதைப் பூசுவது? தேங்காய் எண்ணெயைத் தைரியமாகச் சொல்லலாம். பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தர எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளுக்கு 8 வாரம் வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மினரல் எண்ணெயும் பூசி ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. அதில் தேங்காய் எண்ணெய்தான் முந்தியது. எக்ஸிமாத் தோலில் குடியேறித் தொல்லை தரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியையும் அது குறைக்கிறது. வெர்ஜின் என்பது பச்சைத் தேங்காயிலிருந்து சூடேற்றாமல் எடுப்பது. அது கிடைக்காவிட்டால் கந்தகப் புகை போடாத கொப்பரையில் ஆட்டிய செக்கு எண்ணெய். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை. வாங்கியதும் மோந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் சமையலுக்கும் வேண்டாம், தோலுக்கும் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைக் கெடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன, கடுகெண்ணெயும் அப்படித்தான். விலை கொடுத்து வினை வாங்க வேண்டாம்.

பெட்ரோலியம் ஜெல்லி இயற்கைப் பொருள் இல்லைதான். ஆனால் ஈரத்தைப் பூட்டிவைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை, விலையும் மலிவு, ஒவ்வாமையும் அபூர்வம். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நம் ஊர் வெக்கையில் அதற்கும் காலம் உண்டு. சித்திரை, வைகாசியில் அதை அப்பிக்கொண்டு கரண்ட் இல்லாத மத்தியானத்தில் உட்கார்ந்தால் வியர்வை வழியில்லாமல் வேர்க்குரு கிளம்பும். வெயில் காலத்தில் பகலில் மெல்லிய லோஷன், ராத்திரி எண்ணெய். மார்கழி, தையில் பனிக்காற்று அடிக்கும்போது ஜெல்லி. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும், அடுப்பில் காட்ட வேண்டாம்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. உடம்பில் பரவலாக இருக்கும் பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை களிம்பு தேவைப்படும் என்பது மருத்துவர்களின் கணக்கு. சின்ன டப்பா ஒன்று இரண்டு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, தொட்டு வைக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கை வறண்டிருந்தால் கழுவும்போதெல்லாம். முடி படிந்திருக்கும் திசையில் மேலிருந்து கீழே தடவுங்கள், இல்லாவிட்டால் மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெயும் ஜெல்லியும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விறகடுப்பு, விளக்கு, பட்டாசு பக்கம் போகும் முன் உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

5. சொறியாமல் ராத்திரியைக் கடத்துவது

"சொறியாதே" என்று பிள்ளையை அதட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அரிப்பு அதட்டலுக்கு அடங்காது. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். மண்பானைத் தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து அரிக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், எடுத்த உடனே எண்ணெய் பூசுங்கள். பழைய வேட்டியைக் கிழித்த துணிதான் இதற்கு உத்தமம். ஐஸை நேராக வைக்க வேண்டாம். அரிக்கும்போது நகத்தால் பிறாண்டாமல் உள்ளங்கையால் அழுத்தவோ தட்டவோ பழக்குங்கள். வாரம் இருமுறை நகம் வெட்டி ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்கும்போது கையில் பருத்தி உறை மாட்டலாம்.

கோரைப்பாயில் படுப்பவர்கள் மேலே பருத்திப் போர்வை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பாய் நார் குத்தும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகளை அடிக்கடி நல்ல வெயிலில் காயப்போட்டுத் தட்டி எடுங்கள். தட்டும்போது நோயாளி அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

6. எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது

இது அவரவர் செய்ய வேண்டிய துப்பறியும் வேலை. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு, அன்றைக்கு என்ன வேலை செய்தோம், எங்கே போனோம், எங்கே அரித்தது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். ஒரு சாகுபடிக் காலம் முடிவதற்குள் பாதி விடை கிடைத்துவிடும்.

வயல் வேலை செய்பவர்களுக்குச் சில விஷயங்கள் எழுதாமலே தெரியும். அறுவடையில் நெல் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிந்து வியர்வையோடு சேர்ந்தால் சாதாரணத் தோலே அரிக்கும், எக்ஸிமாத் தோலைக் கேட்கவே வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் துண்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் போர் செட்டிலேயே ஒரு குளியல். நடவு நாளில் மணிக்கணக்கில் சேற்றில் நிற்கும் கால்களுக்கு இறங்கும் முன் ஜெல்லியைக் கொஞ்சம் தாராளமாகப் பூசுங்கள். ஏறியதும் கழுவி விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிட்டுவிட வேண்டும், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். யூரியாவும் பூச்சிமருந்தும் வெறுங்கையால் அள்ளும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வரப்போரம், ரயில் பாதையோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம் தோலில் படாமலே காற்றில் வந்தே முகத்திலும் கழுத்திலும் கிளப்பிவிடும். அதைப் பிடுங்கும் வேலையை எக்ஸிமாக்காரர் ஏற்க வேண்டாம்.

அடுப்படியில் இருப்பவர்களுக்குக் கைதான் முதல் பலி. பூண்டு உரிப்பது, மீன் ஆய்வது, புளி கரைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. உங்கள் மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் மட்டும் தோல் வெளுத்து ஊறி, ஓரத்தில் சின்ன வெடிப்பு இருந்தால், தேய்க்கும்போது உள்ளே புகுந்த சோப்புத் தண்ணீர் அங்கேயே தங்குகிறது என்று பொருள். வேலைக்கு முன் கழற்றி வைத்துவிடுங்கள். ரப்பர் கையுறை போடலாம், ஆனால் உள்ளே மெல்லிய பருத்தி உறை வேண்டும். வெறும் ரப்பருக்குள் கை வியர்த்தால் அது இன்னொரு தொல்லை.

கவரிங் நகையில், ஜீன்ஸ் பட்டனில், ஊக்கில் இருக்கும் நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை, தலைச்சாயம், கொத்தனார்களுக்கு சிமென்ட், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு. இவையும் பட்டியலில் உண்டு. தீபாவளிப் புதுத்துணியை ஒரு தடவை அலசிவிட்டுக் கட்டுங்கள்.

வியர்வை தனி எதிரி. வெயிலில் போய் வந்தால் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசி, துடைத்து, மெல்லியதாகப் பூசிக்கொள்ளுங்கள்.

7. பத்தியம்

கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாம் "கரப்பான் பண்டம்" என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். சிலருக்குச் சில உணவு சாப்பிட்டதும் அரிப்பு கூடுவது உண்மை. அதற்காக எல்லோருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துவது சரியில்லை. நோட்டில் ஒரே உணவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் சில வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பச் சாப்பிடுங்கள். குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பால் கொடுக்கும் தாயை ரசஞ்சோற்றில் வைத்து வாட்டாதீர்கள். எக்ஸிமா குறையாமல் பிள்ளையின் எடை குறைவதுதான் மிச்சமாகும். சாப்பிட்டதும் உதடு வீங்குகிறது, தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

8. இலை, தைலம்

முதலில் வேண்டாதவை. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் தோலைப் பொசுக்குபவை. எலுமிச்சை, உப்பு, பூண்டு, சுண்ணாம்பு எதுவும் உடைந்த தோலில் படக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பற்று காயக் காயத் தோலை இழுத்து வறட்டும், சிலருக்கு அவற்றுக்கே ஒவ்வாமையும் உண்டு. கடலை மாவு, பயத்தம்மாவு, பால், தயிர் ஆகியவற்றைப் புண்ணான தோலில் பூசி ஊறவைக்காதீர்கள். உடைந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் பின்னால் அந்த உணவே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சித்த மருத்துவத்தில் அறுகம்புல் தைலமும் வெட்பாலைத் தைலமும் தோல் நோய்களுக்கு வெகுகாலமாகக் கொடுக்கப்படுபவை. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்குப் பின்னால் பெரிய ஆய்வுகளின் பலம் இல்லை, ஆனாலும் எண்ணெய் என்ற அளவிலேயே இவற்றால் ஈரம் காக்கப்படும். எதைப் பூசுவதானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் மேலே போகலாம். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணமும் பற்பமும் சித்த மருத்துவரைப் பார்க்காமல் வேண்டாம். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. பேருந்து நிலையத்தில் பெயர் ஒட்டாத டப்பாவில் விற்கும் களிம்பில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

9. மருந்துக் கடை ட்யூபும் மருத்துவரும்

"தம்பி, அரிப்புக்கு நல்லதா ஒரு ட்யூப் குடு."

"இந்தாங்கண்ணே, இது எல்லாத்துக்கும் கேக்கும்."

அந்த "எல்லாத்துக்கும்" என்பதில்தான் வம்பு. பெரும்பாலும் அது வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்தது. படர்தாமரைமேல் பூசினால் முதலில் அடங்கின மாதிரி இருந்துவிட்டு உடம்பெல்லாம் பரவும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று ஓடவும் வேண்டாம். மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூசினால் வீங்கிக் கிளம்பிய எக்ஸிமாவை அதுபோல் சீக்கிரம் அடக்குவது எதுவும் இல்லை. ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். எண்ணெய் பூசுவதை அந்த நாள்களிலும் நிறுத்தக் கூடாது.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுவது, சீழ், காய்ச்சல், தோல் சுட்டு வலிப்பது, இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் தூக்கம் கெடுவது. குத்தி எடுத்த மாதிரிச் சின்னச் சின்ன வட்டப் புண்கள் கூட்டமாக வந்து வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் எக்ஸிமாமேல் ஹெர்பிஸ் வைரஸ் ஏறியிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அந்த மணியே. அக்கி என்று காவி எழுதிக்கொண்டு இரண்டு நாள் பார்க்கும் நோய் இல்லை அது.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போடுங்கள். போகிற அன்று அரிக்கும் இடத்தில் எதையும் பூசாமல் போங்கள், பூசியிருந்தால் பார்ப்பவருக்குத் தோலின் நிறமும் செதிளும் தெரியாது. இதுவரை போட்ட ட்யூப், தைலம், சோப்பு உறை, அந்தப் பழைய நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ வெள்ளைக் களிம்பு" என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் ஊகிக்க முடியாது.